சீன தேசத்துப் பேராசிரியர் மா யின்சூ

சீன தேசத்தின் கீழ்க்கடற்கரையை அடுத்துச் செஜியாங் என்னும் மாகாணம் ஒன்று உளது. அதன்கண் ஷாவ்ஷிங் நகரைச் சூழ்ந்த நாட்டுப்புறம் நெல் விளைவிற்கும், அரிசியைப் புளிக்கவைத்து இறக்கும் மதுவிற்கும் நெடுங்காலமாகப் பெயர்பெற்றது. அவ்விடத்தே மது இறக்கி விற்று வாழ்ந்த ஒரு குடும்பத்தில் 1882-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 24-ஆம் தேதி மா யின்சூ பிறந்தார். அவர் காலஞ்சென்றது 1982-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் தேதி. நூறாண்டு நிறைவதற்கு ஆறு வாரங்களே குறைவாக இருந்தன. மஞ்சு மன்னர் ஆட்சியில் பிறந்து, அம்முடியரசு வீழ்ந்து குடியரசு தோன்றியதையும், ஜப்பானியர் படையெடுப்பையும், பொதுவுடைமைக் கட்சியார் அரசேற்றதையும் கண்ணாரக் கண்டவர் அவர்.

ஒரு குடும்பத்திற்கு ஒரு குழந்தை என்று சீன அரசாங்கத்தார் விதித்த விதிக்கு மூலபுருஷர் இவரே என்று பலர் எழுதியிருக்கின்றனர். சிலர் அதனைப் புகழாகச் சொல்லுவர். இப்பொழுது சிலர் அதனையே பழியாகச் சொல்லுகின்றனர். இரண்டும் அவருக்கு உரியன அல்ல என்பதே எமது துணிபு. அவர் கேட்டது யாது, அரசாங்கத்தார் செய்தது யாது என்பதை அவர்தம் வாழ்க்கை வரலாற்றைக் கொண்டே காணலாம்.

தந்தையார் தம் மகன் கடைக் கணக்கை எழுதித் தொழிலைத் தாங்க வேண்டுமென்று விரும்பினார். மைந்தரோ படிக்க விரும்பினார். இதுபற்றி வீட்டில் நேர்ந்த பூசல் மிகவும் கடுமையாயிற்றென்றும், அடிபட்ட சிறுவர் ஆற்றில் குதித்துவிடப் பிறர் கரையேற்றினரென்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். முடிவில் தந்தையின் நண்பர் ஒருவர் இடைநின்று, சிறுவரை ஷாங்காய் நகருக்கு அழைத்துச் சென்று புதுமுறைப் பள்ளியொன்றிற் சேர்ப்பித்தார். தாம் கொண்டதை விடாத அக்குணம் பிற்காலத்தும் அவரை விட்டு நீங்கவில்லை.

தியன்ஜின் நகரத்துப் பேயாங் சர்வகலாசாலையில் அவர் முதலிற் கற்றது சுரங்கத் தொழில். 1907-ஆம் ஆண்டில் அரசாங்கத்தாரின் பொருளுதவி பெற்று அமெரிக்காவிலுள்ள ஏல் சர்வகலாசாலைக்குச் சென்றார். அங்கே பொருளாதார நூலைப் பயின்று பட்டம் பெற்றார். பின்னர் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா சர்வகலாசாலையிற் சேர்ந்து, அந்நகராட்சியின் வரவு செலவைப்பற்றி ஆராய்ந்து 1914-ஆம் ஆண்டில் டாக்டர் பட்டம் எய்தினார். அதற்கு முந்தின ஆண்டில் அதே சர்வகலாசாலைக்குப் பொருளாதாரம் பயில வந்து சேர்ந்தவர் நம் நாட்டு அம்பேத்கர் என்பதை இங்கு நினைவுகூரலாம். ஒரு பெருநகரம் எவ்வளவு ஈட்டுகிறது, எவ்வளவு உண்கிறது, எவ்வளவு மிச்சம் பிடிக்கிறது என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் யின்சூவுக்கு இவ்வாராய்ச்சியினாலே உறுதிப்பட்டிருக்க வேண்டும். பிற்காலத்தில் ஒரு தேசத்தையே அவர் அவ்வண்ணம் எண்ணிப் பார்த்தார்.

தாயகம் திரும்பியபின் பீக்கிங் சர்வகலாசாலையிற் பேராசிரியராகி, 1919-இல் கல்வித் துறைத் தலைவராக உயர்ந்தார். சீனப் பொருளாதாரச் சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவராகவும், சட்டசபை உறுப்பினராகவும் விளங்கினார். இவற்றையெல்லாம் விரித்தெழுத இடமில்லை. ஆனால் யுத்த காலத்து நிகழ்ச்சி ஒன்றை மாணாக்கர் அறிதல் நன்று. ஜப்பானியருக்கு அஞ்சிச் சீன அரசாங்கத்தார் சுங்கிங் நகரத்தைத் தலைநகராகக் கொண்டிருந்தபொழுது, அந்நகரத்துச் சர்வகலாசாலையில் வணிகக் கல்லூரித் தலைவராக யின்சூ இருந்தார். குடிகள் பட்டினி கிடக்க, யுத்தத்தினாலே கொள்ளை லாபம் அடைந்தவர்கள் சிலர். அவர்களுட் பெரியோர் அதிபர் சியாங் கை ஷேக்கின் மனைவிவழி உறவினர். அன்னாரது ஊதியத்தின்மேல் கடும் வரி விதித்தல் வேண்டுமென்று யின்சூ மேடைதோறும் பேசினார். 1940-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அவர் சிறைப்படுத்தப்பட்டார். குயிசௌ மாகாணத்துச் சிஃபெங் முகாமிலும், பின்னர் ஜியாங்சி மாகாணத்துச் சாங்ராவ் முகாமிலும் அடைக்கப்பட்டு, அதன்பின் சுங்கிங்கிலே வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். ஆசிரியர் சிறையிலிருக்கவே, 1941-ஆம் ஆண்டில் மாணாக்கர் ஒன்றுகூடி அவரது அறுபதாம் ஆண்டு விழாவைக் கொண்டாடினர். அவர் பெயரால் கல்லூரி வளவில் ஒரு சிறு மண்டபமும் எழுப்பினர். ஒற்றர் பலர் திரிந்த அக்காலத்தில் அது எளிய செயலன்று.

1949-இல் பொதுவுடைமைக் கட்சியார் அரசேற்றபொழுது சியாங்கின் பகைவராகிய யின்சூ பெரிதும் மதிக்கப்பட்டார். 1951-ஆம் ஆண்டில் பீக்கிங் சர்வகலாசாலையின் தலைமைப் பதவி அவருக்குக் கிடைத்தது. அப்பொழுது அவருக்கு வயது அறுபத்தொன்பது. நாள்தோறும் வெந்நீரிலும் தண்ணீரிலும் மாறி மாறி நீராடுவதும், மலையேறுவதும் அவர் வழக்கம். ஏலில் கற்றபொழுது முதிய வைத்தியர் ஒருவரிடம் இதனைக் கற்றுக்கொண்டாராம்.

இனி அவர் வாழ்வின் முதன்மையான பகுதிக்கு வருவோம். சீனத்தின் ஜனத்தொகை 45 கோடி என்றே நெடுங்காலம் யாவரும் சொல்லி வந்தனர். ஒருவரும் எண்ணிப் பார்த்தவரிலர். 1953-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் தேதியை நாளாகக் கொண்டு முறைப்படி எடுத்த முதல் ஜனக்கணக்கில், தைவானிலும் கடல்கடந்த நாடுகளிலும் உள்ளாரைச் சேர்த்து 60 கோடி என்று தெரியவந்தது. ஆண்டுதோறும் ஆயிரத்திற்கு 20 பேர் பெருகுகின்றனர் என்றும் கூறப்பட்டது. இந்த இருபதை யின்சூ ஐயுற்றார். மணமாகும் இளைஞருக்கு வேலையும் வீடும் கிடைக்கின்றன. கருவுற்ற தாயர்க்கு ஓய்வும் மருத்துவமும் உண்டு. பிள்ளை பெறுவதில் மாளும் தாயரும் சேயரும் குறைந்துவிட்டனர். உள்நாட்டுப் போரும் ஓய்ந்தது. ஆகவே பெருக்கம் இருபதினும் மிகுதியாகவே இருக்கவேண்டுமென்று கருதினார். கருதியதோடு நில்லாமல், எழுபது வயதைக் கடந்த அம்முதியவர் 1954-லும் 1955-லும் தம் சொந்த மாகாணத்து ஊர்களுக்குச் சென்று, எத்தனை பேர் பிறந்தனர், எத்தனை பேர் இறந்தனர் என்று விசாரித்தறிந்தார்.

ஆயிரத்திற்கு இருபது வீதம் பெருகினால் 15 ஆண்டில் 80 கோடி, 50 ஆண்டில் 160 கோடி. முப்பது வீதம் பெருகினால் 15 ஆண்டில் 93 கோடி, 50 ஆண்டில் 260 கோடி. இதுவே அவர் கணக்கு. 1955-இல் தேசிய மக்கள் பேரவை உறுப்பினர்களிடம் இதனை எடுத்துரைத்தபொழுது பெரும்பாலோர் ஒப்பவில்லை. காலம் கனியட்டுமென்று தம் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1957-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மாவோவே ஜனப்பெருக்கத்தைத் திட்டத்திற்கு உட்படுத்தல் பற்றிப் பேசினார். காலம் கனிந்ததென்று யின்சூ நம்பினார். அவரது புதிய ஜனத்தொகைக் கொள்கை என்னும் கட்டுரை 1957-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 5-ஆம் தேதி அரசாங்கக் கட்சியின் தினப்பத்திரிகையில் வெளிவந்தது.

இக்கட்டுரையைப் படியாமலே அதனைப்பற்றிப் பேசுவோர் பலராதலின், அதன் சாரத்தைச் சிறிது கூறுதல் தகும். மக்கள் பெருகினால் உணவு பற்றாது என்பது மால்தஸின் வாதம். யின்சூவின் வாதம் மூலதனத்தைப் பற்றியது. 1956-இல் தேசத்தின் வருமானத்தில் நூற்றுக்கு 79 பங்கு உண்ணவும் உடுக்கவும் செலவாயிற்று; 21 பங்கே எஞ்சிற்று. எஞ்சிய அதனைக்கொண்டுதான் தொழிற்சாலையும், பள்ளிக்கூடமும், ஆராய்ச்சிச் சாலையும் எழல்வேண்டும். ஆண்டுதோறும் 1 கோடியே 30 லட்சம் புது வாய்கள் தோன்றினால் அந்த எச்சமும் கரைந்துபோம். ஒரு தலைக்கு விளைநிலம் 1953-இல் 2.8 மூ இருந்தது, 1955-இல் 2.7 மூ ஆயிற்று. ஒரு மூ என்பது நம் அளவில் ஏறக்குறைய பதினாறரைச் சென்ட். எனவே ஒரு சீனருக்கு அரை ஏக்கர் நிலமுமில்லை. அந்நிலம் நெல்லுக்கே போய்விடின் பருத்தியும் எண்ணெய் வித்தும் பயிராக வழியில்லை. பருத்தியின்றி ஆலைகள் எங்ஙனம் ஓடும்?

பரிகாரமாக அவர் சொன்னவை இவை. மக்களுக்கு முதலில் அறிவு புகட்டுக. பெண்கள் 23 வயதிலும் ஆண்கள் 25 வயதிலும் மணப்பாராக. கர்ப்பத்தடை முறைகளை யாவரும் அறியச் செய்க. இரண்டு குழந்தைகளோடு நிற்போர்க்குப் பரிசளிக்க. மூன்றாவதற்கு வரியும், நான்காவதற்கு மிகுதியான வரியும் விதிக்க. கருவைச் சிதைத்தலை மட்டும் அவர் அறவே மறுத்தார். அது உயிர்க்கொலை என்றும், தாயின் உடலைக் கெடுப்பது என்றும் அவர் எண்ணினார். ஒரே குழந்தை என்ற சொல் அக்கட்டுரையில் யாண்டும் இல்லை.

ஆனால் நடுநிலைமையோடு நோக்குங்கால் வேறொன்றும் சொல்லவேண்டியுளது. பொருள் உற்பத்தியைத் திட்டமிடும் அரசாங்கத்திற்கு மக்கட்பேற்றில் தலையிடும் உரிமையும் உண்டு என்று யின்சூ எழுதியிருக்கிறார். வரியென்று அவர் சொன்னதும் ஒருவகைத் தண்டமே. ஒரு வாசலைத் திறந்துவைப்பவர் தாம் நினைத்த அளவே பிறரும் உள்நுழைவர் என்று எண்ணுதல் கூடாது. இரு மனைவியரையும் இரண்டிற்கு மேற்பட்ட மக்களையும் உடையவராகிய அவர் பிறர்க்கு இரண்டு போதும் என்று சொன்னதைச் சிலர் நகைப்பதுண்டு. பழைய வழக்கத்திற் பிறந்தவர் புதுக்கணக்கைக் கண்டு மனம் மாறினார் என்றே யாம் கொள்ளுகிறோம்.

கட்டுரை வெளிவந்த சில மாதங்களில் காற்று மாறிற்று. 1958-இல் பெரும் பாய்ச்சல் என்னும் இயக்கம் தொடங்கிற்று. மக்கள் எத்துணை மிகுதியோ அத்துணைக் கைகள், அத்துணை வலிமை என்று மாவோ கருதலானார். அவ்வாண்டு மே மாதம் பீக்கிங் சர்வகலாசாலையின் அறுபதாம் ஆண்டு விழாவிலேயே, விருந்தாளராக வந்த கட்சித் தலைவர் சென் போதா மேடையிலிருந்து சர்வகலாசாலைத் தலைவரைத் தாக்கிப் பேசினார். தொடர்ந்து பத்திரிகைகளில் இருநூறுக்கு மேற்பட்ட கண்டனக் கட்டுரைகள் எழுந்தன; கல்லூரிச் சுவர்களையெல்லாம் கண்டன ஏடுகள் மூடின. மார்க்ஸ், மால்தஸ் ஆகிய இருவர் பெயர்களும் சீன எழுத்தில் மா என்றே தொடங்குவன. அம்மாவே யின்சூவின் குடிப்பெயரும் ஆகும். அதற்குக் குதிரை என்பது பொருள். ஆதலின் இவர் எந்த மாவின் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்று எதிரிகள் எள்ளினர். தாம் மார்க்ஸின் மரபினரே என்று அவர் விடையளித்தார்.

இங்கேதான் அவரது சிறப்பு விளங்குகிறது. பிரதம மந்திரி சூ என்லாய் அவரிடம் அன்புடையவர். பிழையை ஒப்புக்கொண்டதாக ஒரு வார்த்தை எழுதிவிட்டால் யாவும் அடங்கிவிடும் என்று வேண்டினார். அக்காலத்தில் எத்தனையோ அறிஞர் அவ்வாறு எழுதிக்கொடுத்துத் தப்பினர். அவர்களை யாம் குறைகூறோம். யின்சூ எழுதிக்கொடுக்கவில்லை. நண்பரின் வேண்டுகோளுக்கு வணங்க இயலாமைக்கு வருந்தினார். ஆயினும் ஆராய்ந்து கண்டதை ஆராய்ச்சியால் மறுத்தாலன்றி விடுவதற்கில்லை என்றார். எண்பது வயதை நெருங்கிய தாம் தனியராகவே நின்று பொருவதாகப் பத்திரிகையில் எழுதினார். 1960-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் பதவியைத் துறந்தார். அதன்பின் அவர் எழுத்தை ஏற்று வெளியிடுவார் இல்லை.

அவர் வாய் மூடிக்கிடந்த காலத்தில் நிகழ்ந்தவற்றைச் சுருங்கச் சொல்லுவோம். 1959 முதல் 1961 வரை பெரும் பாய்ச்சலின் விளைவாக வந்த பஞ்சத்தில் மாண்டவர் ஒன்றரைக் கோடியென்று குறைத்துக் கணக்கிடுவாரும், மூன்று கோடிக்கு மேலென்று கணக்கிடுவாரும் உளர். பஞ்சம் நீங்கியதும் பிறப்பு வெள்ளம்போற் பெருகிற்று. 1969-ஆம் ஆண்டு முடிவில் ஜனத்தொகை 80 கோடியைக் கடந்திருந்தது. யின்சூ வீட்டிலிருந்தபடியே சீனத்து வேளாண்மையைப்பற்றி ஒரு பெருநூல் எழுதினார். 1966-இல் கலாசாரப் புரட்சி மூண்டபொழுது, செங்காவலர் கையிற் சிக்கினால் தீங்கு விளையுமென்று அஞ்சி, அக்கையெழுத்துப் பிரதி வீட்டினராலேயே எரிக்கப்பட்டது. தொண்ணூறாம் வயதிற் புற்றுநோய்க்கு ரண சிகிச்சை செய்துகொண்டு பிழைத்தார்.

1970-க்குப்பின் அரசாங்கத்தார் தாமே விழித்துக்கொண்டனர். பிந்தி மணத்தல், இடைவெளி விட்டுப் பெறுதல், குறைவாகப் பெறுதல் என்று ஓர் இயக்கம் நாடெங்கும் நடந்தது. இரண்டு குழந்தை, பெண்ணுக்கு 23 வயது, ஆணுக்கு 25 வயது என்பன அதன் அளவுகள். யின்சூவின் கட்டுரையை முன்வைத்துக்கொண்டு எழுதியதுபோல இருப்பினும் அவர் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. இவ்வியக்கத்திலும் வற்புறுத்தல் இல்லாமலில்லை. ஆயினும் 1970-இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி ஆறு மக்கள் என்ற அளவை ஒட்டியிருந்த பிறப்பு, அப்பத்தாண்டின் முடிவில் மூன்றினும் குறைந்துவிட்டது. இதனை வாசிப்போர் மனத்திற் கொள்ளல் வேண்டும். ஒரு குழந்தை விதி வருமுன்னரே பிறப்பு இவ்வளவு குறைந்தாயிற்று.

1979-ஆம் ஆண்டில் யின்சூவின்மேற் சாற்றிய குற்றம் பொய்யென்று அரசாங்கத்தார் அறிவித்து, பீக்கிங் சர்வகலாசாலையின் கௌரவத் தலைவராக அவரை அமர்த்தினர். ஒருவரைத் தவறாகக் கண்டித்ததனால் முப்பது கோடி மக்கள் மிகுந்தனர் என்று பத்திரிகைகள் எழுதின. கேட்பதற்கு இனிய வாசகமாயினும் கணக்கிற்கு ஒவ்வாதது. ஒரு கட்டுரையால் முப்பது கோடிப் பிறப்பு நின்றிருக்கும் என்பதை எண்களோடு பழகிய யின்சூவே ஒப்பியிருப்பாரோ? ஆனால் அவ்வாசகம் ஆட்சியாளருக்குப் பயன்பட்டது. அவர் சொல்லைக் கேளாததனாலன்றோ இனிக் கடுமை வேண்டியதாயிற்று என்று சொல்ல இடம் கிடைத்தது. 1980-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 25-ஆம் தேதி, குடும்பத்திற்கு ஒரு குழந்தையே வேண்டுமென்று கட்சியின் மத்திய சபையார் உறுப்பினர் யாவர்க்கும் பகிரங்கக் கடிதம் எழுதினர். இதற்குரிய கணக்கைப் போட்டவர்களுள் முதன்மையானவர் சோங் ஜியன். அவர் ஏவுகணைகளின் போக்கைக் கணிக்கும் நிபுணர். நூறாண்டுக்குரிய ஜனத்தொகையை இயந்திரத்தின் உதவியாற் கணித்தார். யின்சூவோ தொண்ணூற்றெட்டு வயதில் நடமாட இயலாதிருந்தார். அவர் மறைந்து இரு மாதம் நிறைவதற்குள், 1982-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி எடுத்த கணக்கில் சீன மக்கள் 100 கோடியைக் கடந்தனர்.

அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1983-இல் மட்டும் இரண்டு கோடிப் பேருக்குக் கர்ப்பத்தடை ரண சிகிச்சை செய்யப்பட்டது. ஒரு கோடிக்கு மேற்பட்ட கருக்கள் சிதைக்கப்பட்டன. அவர் அறவே வேண்டாமென்றது அரசாங்கத்தின் முதற் கருவியாயிற்று. கிராமத்துக் குடியானவருக்கு முதுமையில் உபகாரச் சம்பளம் இல்லை. மகள் மணமாகிப் பிறர் வீடு புகுவாள். முன்னோர் கடனைச் செய்வதும் கிழவரைத் தாங்குவதும் மகனே. இந்நிலையில் ஒன்றுதான் என்றால் அது யாதாக இருக்கவேண்டுமென்று விரும்பியிருப்பர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? 1984-இல், முதற் குழந்தை பெண்ணாயின் இன்னொன்று பெறலாமென்று பல மாகாணத்துக் கிராமத்தார்க்கு இளக்கம் காட்டினர். பெண்மகவு அரைக் குழந்தை என்று அரசாங்கமே முத்திரையிட்டது போலாயிற்று அது. இயற்கையில் 100 பெண்மகவுக்கு ஏறக்குறைய 105 ஆண்மகவு பிறக்கும்; சீனத்திலோ 2004-இல் அது 121 ஆயிற்று. வெளிநாட்டார்க்குச் சுவீகாரமாகச் சென்ற குழந்தைகள் ஒன்றரை லட்சத்திற்கு மேல், பெரும்பாலோர் பெண்கள். பெரும்பாலும் விதிக்கு மாறாகப் பிறந்து, குடும்பப் பதிவேட்டில் பெயரேறாமல், பள்ளிக்கூடத்திற்கும் வைத்தியசாலைக்கும் உரிமையின்றி வளர்ந்தவர் தொகை 2010-ஆம் ஆண்டுக் கணக்கின்படி 1 கோடியே 30 லட்சம்.

சீன மொழியிலும் நம் மொழியிற்போலவே பெரியப்பன், சித்தப்பன், அத்தை, மாமன், அக்காள், தங்கை என்று உறவிற்கெல்லாம் தனித்தனிப் பெயர் உண்டு. ஒற்றைப் பிள்ளைக்குப் பிறந்த ஒற்றைப் பிள்ளைக்கு இப்பெயர்களாற் கூப்பிட ஒருவரும் இலர். தந்தையைப் பெற்றோர் இருவர், தாயைப் பெற்றோர் இருவர், தாய் தந்தையர் இருவர் ஆகிய அறுவரும் அவ்வொருவனையே நோக்கியிருப்பர். 2008-ஆம் ஆண்டு மே மாதத்திற் சிச்சுவான் மாகாணத்தில் நிலம் நடுங்கிப் பள்ளிக்கூடங்கள் இடிந்து விழுந்தபொழுது ஆயிரக்கணக்கான மாணாக்கர் மடிந்தனர். அவருட் பலர் வீட்டிற்கு ஒருவராய்ப் பிறந்தவர். பிள்ளையை இழந்த பெற்றோர் மற்றொன்று பெற்றுக்கொள்ளலாமென்று அதிகாரிகள் அனுமதி அளித்தனர். அனுமதி பயன்படாத வயதை அடைந்திருந்தோர் எத்துணையரோ!

2016-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து யாவரும் இரண்டு குழந்தை பெறலாமென்று விதி மாறிற்று. யின்சூ 1957-இற் சொன்ன எண்ணுக்கு அரசாங்கத்தார் வந்துசேர ஐம்பத்தெட்டு ஆண்டு சென்றது. ஆனால் அதற்குள் குடும்பங்கள் மாறிவிட்டன. வீட்டு வாடகையும் படிப்புச் செலவும் ஏறிய நகரங்களில் ஒன்றே போதுமென்போரும், அதுவும் வேண்டாமென்போரும் பெருகினர். 2021-இல் மூன்று குழந்தைக்கு அனுமதி பிறந்தது. மிகுதியாகப் பெற்றோர்மேல் விதித்து வந்த தண்டமும் நீக்கப்பட்டது. 2022-இல், 1961-ஆம் ஆண்டுப் பஞ்சத்திற்குப்பின் முதன்முறையாகச் சீனத்தின் ஜனத்தொகை குறைந்தது. 2025-ஆம் ஆண்டில், மூன்று வயதிற்கு உட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் ஆண்டுக்கு 3,600 யுவான் அரசாங்கம் அளிக்குமென்று அறிவித்தனர். யின்சூ வரி விதிக்கச் சொன்ன மூன்றாம் குழந்தைக்கும் அத்தொகை உண்டு.